கைவிடப்பட்ட செயலியை எடுத்து நடத்தலாமா? தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலில் பாயிண்ட் (ஜிபிஎஸ்ஸில் குறித்த இடம்) குறித்து வைக்கவும், இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு இன்னும் எவ்வளவு தூரம் என்று தமிழில் குரல் கொடுக்கவும் ஓர் ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. அவர் வீட்டுப் படகிலும் அக்கம்பக்கத்து நாட்டுப்படகுகளிலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் 2018க்குப் பிறகு அதைத் தொடவில்லை. புதுப் போனில் ப்ளே ஸ்டோரில் தேடினால் வருவதில்லை. பழைய போனிலிருந்து ஏபிகே கோப்பை (செயலியின் நிறுவல் கோப்பு) எடுத்து அனுப்பினாலும் நிறுவ மறுக்கிறது. நிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது, ஆனால் அங்கே கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை. "எனக்கு ஆண்ட்ராய்டு கொஞ்சம் தெரியும். நானே எடுத்து நடத்தலாமா, யாரிடம் அனுமதி கேட்பது, எங்கிருந்து தொடங்குவது?" என்பது அவர் கேள்வி.

நடத்தலாம், தம்பி. ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த உரிமம் தந்த நிரல்) என்றால் அனுமதியில் பாதியை ஏற்கெனவே கொடுத்துத்தான் வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய படகு ஒன்றை வாங்கினால் உடலும் எஞ்சினும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். மீன்வளத் துறைப் பதிவு உங்கள் பெயருக்கு மாறாதவரை மானிய டீசல் வராது. செயலியும் அப்படித்தான். நிரலை யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம். செயலியின் பெயர், ப்ளே ஸ்டோர் பக்கம், கையொப்பச் சாவி (பதிப்பு அவருடையதுதான் என்று காட்டும் ரகசியச் சாவி), ஏற்கெனவே நிறுவியவர்களின் போனுக்குள் அடுத்த பதிப்பை அனுப்பும் உரிமை, இதெல்லாம் எழுதியவராகக் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் உங்கள் வேலை பெரும்பாலும் ஆளைத் தேடுவதும் கடிதம் எழுதுவதும்தான்.

அதற்கு முன், அது நிஜமாகவே கைவிடப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்கள் எழுதி முடிந்துபோனவை. பத்து வருடம் யாரும் தொடாவிட்டாலும் ஒழுங்காக ஓடும். கடைசி கமிட் (நிரலில் பதிந்த மாற்றம்) பழையது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பதில் இல்லாத இஷ்யூக்கள் (பயனர் எழுதும் புகார், கேள்விகள்), யாரோ அனுப்பி அப்படியே கிடக்கும் புல் ரெக்வெஸ்ட்டுகள் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் திருத்தங்கள்), அதே ஆசிரியர் வேறு ரெப்போக்களில் (நிரல் கிடங்குகளில்) இப்போதும் எழுதுகிறாரா, இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வேறு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் ஆள் இருக்கிறார், இதில் ஆர்வம் போய்விட்டது என்று அர்த்தம். அது உங்களுக்கு நல்ல செய்தி.

நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், நிரலைச் செயலியாகக் கட்டும் விவரமுள்ள கிரேடில் கோப்பில், எந்த ஆண்ட்ராய்டுக்காக எழுதியது என்று காட்டும் டார்கெட் எஸ்டிகே என்ற எண் 22 ஆகவோ அதற்குக் கீழாகவோ இருக்கும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கு எண் 23. அதிலிருந்துதான் இருப்பிடம், கோப்பு போன்ற அனுமதிகளைச் செயலி ஓடும்போதே பயனரிடம் கேட்க வேண்டும் என்று ஆனது. அந்த வேலையைத் தவிர்க்கப் பலர் எண்ணை 22லேயே நிறுத்தி வைத்தார்கள். 2018 இறுதியில், இனி புதுப்பிப்பு அனுப்பினால் 26 கட்டாயம் என்று ப்ளே ஸ்டோர் சொன்னது. உங்கள் ஆசிரியர் அங்கேயே நின்றிருக்கலாம். இப்போது ஆண்ட்ராய்டு 14, எண் 23க்குக் கீழே உள்ள எதையும் நிறுவவே விடுவதில்லை. ஆண்ட்ராய்டு 15இல் அந்த வரம்பு 24. ஏபிகேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஏறாததற்குக் காரணம் இதுதான். கோப்பைத் திறந்து எண்ணைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

சரி, உரிமத்துக்கு வருவோம். ரெப்போவில் லைசென்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா? எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றில் ஒன்று இருந்தால் நிம்மதி. எம்ஐடியில் பழைய காப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால் போதும். அப்பாச்சி 2.0 நிரலைத் தரும். பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறியாகப் பயன்படுத்த உரிமை தராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஜிபிஎல் என்றால் நீங்கள் வெளியிடும் பதிப்பின் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். அதன் மூன்றாம் பதிப்பாக இருந்தால், நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் குறிப்பிட வேண்டும். ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட இவற்றில் எதுவும் இடம் தராது. அவர் வரிக்குக் கீழே உங்கள் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பே இல்லையென்றால் கதை வேறு. கிட்ஹப்பில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது என்பதாலேயே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. காப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. கிட்ஹப்பின் விதிகள் அந்தத் தளத்துக்குள் பார்க்கவும் ஃபோர்க் (தனி நகல்) எடுக்கவும் இடம் தருகின்றன, அவ்வளவுதான்; செயலியாக்கி ஊருக்கெல்லாம் கொடுக்க அது போதாது. அப்போது ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது ஓர் உரிமக் கோப்பைத்தான். அதைச் சேர்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

நிரலோடு கூட வரும் மற்ற சரக்கையும் பாருங்கள். டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பியல் அலுவலகத்தின் கடல் வரைபடத்தை யாரோ ஸ்கேன் செய்து உள்ளே வைத்திருந்தால், நிரலின் உரிமம் அதற்குப் பொருந்தாது, தூக்கிவிடுங்கள். தமிழ்க்குரல் ஒருவர் பேசிப் பதிவு செய்ததா, போனே வாசிப்பதா? பதிவு என்றால் பேசியவர் யார், சம்மதித்தாரா என்று கேட்க வேண்டும்.

இனி கடிதம். ஆசிரியரின் மின்னஞ்சல் ப்ரொஃபைலில் இல்லாவிட்டாலும் கிட் லாக்கில் (மாற்றங்களின் பதிவேட்டில்) பெரும்பாலும் இருக்கும். ப்ளே ஸ்டோர் பக்கத்திலும் ஒரு முகவரி இருக்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் ஐயா. நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன். உங்கள் செயலியை எங்கள் ஊர் நாட்டுப்படகுகளில் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 14இல் அது நிறுவ மறுக்கிறது. அதைச் சரிசெய்து புல் ரெக்வெஸ்ட்டாக அனுப்பியிருக்கிறேன். நீங்கள் தொடர்வதாக இருந்தால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால் பராமரிப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதில் விருப்பம் இல்லாவிட்டால், என் ஃபோர்க்குக்கு ரீட்மீயில் ஒரு சுட்டி கொடுத்தாலே பெரிய உதவி."

இதில் கவனிக்க வேண்டியது, எந்தப் பதிலைச் சொன்னாலும் அவருக்குச் சுமை இல்லை. "ஏன் இத்தனை வருடமாகக் கவனிக்கவில்லை" என்ற தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது. சம்பளமில்லாமல் எழுதிக் கொடுத்தவர் அவர். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வெளியில் எழுதக் கூடாது என்ற நிபந்தனையுள்ள வேலையில் இருக்கலாம், காலமாகியும் இருக்கலாம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்கு மற்றவர்கள் வைத்திருக்கும் அளவுகள் உதவும். பைத்தான் மொழிப் பொதிகளின் (பிறர் பயன்படுத்தத் தயாராக்கி வைத்த நிரல்கள்) களஞ்சியமான பைபிஐ, பெப் 541 என்ற விதியை வைத்திருக்கிறது. ஆசிரியரை எட்ட முடியவில்லை, பன்னிரண்டு மாதமாக வெளியீடு இல்லை, ப்ராஜெக்ட் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை, மூன்றும் சேர்ந்தால்தான் கைவிடப்பட்டதாகக் கணக்கு. களஞ்சியத்தார் மூன்று முறையாவது தொடர்புகொள்ள முயன்று, ஆறு வாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எட்டக்கூடிய ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயரைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதே இல்லை. டெபியன் லினக்ஸில், கவனிப்பாரற்ற பொதியை மீட்க விரும்புகிறவர் அதைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். நீங்களும் மூன்று கடிதம், ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தேதிகளையும் ரெப்போவின் இஷ்யூ ஒன்றில் பகிரங்கமாக எழுதி வையுங்கள். பின்னால் யாராவது "திருடிவிட்டான்" என்றால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பதில் வந்தாலும் அவர் தயங்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய விதம் இதில்தான் இருக்கிறது.

2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு நடந்தது இது. வாரம் சுமார் 20 லட்சம் முறை இறக்கப்பட்ட நூலகம். எழுதிய டொமினிக் டார் அதைத் தான் பயன்படுத்துவதையே எப்போதோ நிறுத்தியிருந்தார். முகம் தெரியாத ஒருவர் வந்து நான் பராமரிக்கிறேன் என்றார். வெளியிடும் உரிமையை இவர் கொடுத்துவிட்டார். வந்தவர் வேறொரு சின்ன நூலகத்தைத் துணைக்குச் சேர்த்தார். கோபே என்ற பிட்காயின் பணப்பையிலிருந்து சாவிகளைத் திருடும் நிரல் அதற்குள் இருந்தது.

எக்ஸ்இசட் கதை இன்னும் பொறுமையாக நடந்தது. லினக்ஸில் எங்கும் இருக்கும் கோப்புச் சுருக்கும் கருவி அது. லாசே காலின் என்பவர் பல வருடமாகத் தனியாகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 வாக்கில் வந்து, ஒழுங்கான திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார். 2022இல் வேறு சில பெயர்களில் ஆட்கள் முளைத்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேர் என்று காலினை நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் ஜியா டானுக்கு உரிமை கிடைத்தது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலிருக்கும் கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்து மார்ச் 29 அன்று அதை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கள்ளக்கதவைத் திறந்துவிடும் துண்டு பொது ரெப்போவில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய கோப்பில் மட்டும் இருந்தது.

இப்போது உங்களை ஆசிரியர் இடத்திலிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர், இருப்பிட அனுமதி உள்ள செயலியின் சாவியைக் கேட்கிறார். சந்தேகப்படாவிட்டால்தான் தப்பு. அதனால் சாவியை முதலிலேயே கேட்காதீர்கள். ஒரு திருத்தம் அனுப்புங்கள், இன்னொன்று அனுப்புங்கள், மற்றவர்கள் கேட்டிருக்கும் இஷ்யூக்களுக்கு உங்களால் முடிந்த பதிலைச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசலாமா என்று கேளுங்கள், நேரில் வரத் தயார் என்றும் சொல்லுங்கள். அப்புறம், ஊர்ப் பையன்களிடம் சொல்லி "அப்டேட் எப்போ வரும்" என்று இஷ்யூவில் வரிசையாகப் போடச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பார்க்கிறவருக்கு எக்ஸ்இசட் ஞாபகம்தான் வரும்.

அவர் சம்மதித்தால் ரெப்போவை ஃபோர்க்காக இல்லாமல் கிட்ஹப்பின் டிரான்ஸ்ஃபர் வசதி மூலம் மாற்றச் சொல்லுங்கள். இஷ்யூ, ஸ்டார் எல்லாம் கூடவே வரும், பழைய முகவரியும் புதியதற்குத் திருப்பிவிடப்படும். உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றாமல் ஆர்கனைசேஷன் கணக்கு ஒன்று திறந்து அதற்கு மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரிலும் ஒரு டெவலப்பர் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குச் செயலியை மாற்ற வழி இருக்கிறது.

சாவி விஷயம் தனி. ஒரு செயலியின் பேக்கேஜ் பெயர் (ஆண்ட்ராய்டு அதை அடையாளம் காணும் பெயர்) ஒன்றாக இருந்தும் கையொப்பம் வேறாக இருந்தால், பழையதன் மேல் புதியதை ஆண்ட்ராய்டு ஏற்றாது. இப்போதெல்லாம் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளுக்கு அது கட்டாயமும் ஆகிவிட்டது. உங்களுடையது அதற்கு முந்தையது. சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பு ஆசிரியரின் ஏதோ ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கும், அல்லது அந்தக் கணினியோடு போயிருக்கும். அது கிடைக்காவிட்டால் பழைய செயலியைத் தொடரும் பேச்சே இல்லை. புதுப் பெயரில் புதுச் செயலிதான்.

அப்படி வந்தால் பேக்கேஜ் பெயரைக் கட்டாயம் மாற்றுங்கள். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொன்னால், நீக்கும்போது உள்ளே சேமித்த பாயிண்ட்டுகள் அத்தனையும் போய்விடும். எந்தப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது, எங்கே வலை சிக்கும் என்று ஒரு குடும்பம் வருடக்கணக்கில் சேர்த்தது அது. புதுப்போன் கொடுத்தாலும் ஈடாகாது. பெயர் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழையதிலிருந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் புள்ளிகளைச் சேமிக்கும் வடிவம்) எடுத்து, புதியதில் ஏற்றி, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம். இந்த வரிசையை ஒரு சின்ன வீடியோவாக எடுத்து அனுப்புங்கள், எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பாயிண்ட் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ஒருவர் பாயிண்ட்டை இன்னொருவருக்குச் சொல்கிற வழக்கம் நம் கரையில் இல்லை. பேக்கப், ஒத்திசைவு, புள்ளிவிவரம் என்று எதைச் சேர்த்தாலும், "இவன் எங்க பாயிண்ட்டை எடுக்கிறான்" என்ற பேச்சு ஒரே நாளில் பாம்பன் வரைக்கும் போய்விடும். இணைய அனுமதியே கேட்காத செயலியாக வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வரைபடத்தை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளலாம்.

நிரலைக் கட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே திணறிக் கற்றுக்கொள்வீர்கள். 2018 ப்ராஜெக்ட் என்றால் கிரேடில் கோப்பில் ஜேசென்டர் என்று இருக்கும். அந்தக் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021இல் அறிவித்துவிட்டார்கள். மேவன் சென்ட்ரல் என்ற களஞ்சியத்துக்கு மாற்ற வேண்டும். சில நூலகங்கள் அங்கே இருக்காது, மாற்று தேட வேண்டும். பழைய சப்போர்ட் லைப்ரரியிலிருந்து ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு வர வேண்டும். முதலில் ஒரு அம்சமும் மாற்றாமல் பழைய பதிப்பு அப்படியே கட்டப்படுகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு டேக் (பதிப்பு அடையாளம்) போடுங்கள். கோட்லினில் எழுதலாம், ஃப்ளட்டருக்கு மாற்றலாம் என்று கை அரிக்கும். உங்கள் முதல் வெளியீட்டில் புதுப்போனில் நிறுவ முடிகிறது என்ற ஒரே மாற்றம்தான் இருக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் எதனால் என்று தெரிய வேண்டுமே.

வேலை அதிகம் பிடிக்கப்போவது பின்னணியில் ஓடும் எச்சரிக்கை மணி. ஆண்ட்ராய்டு 10இலிருந்து, செயலி பின்னணியில் இருக்கும்போது இருப்பிடம் பார்க்கத் தனி அனுமதி. 14ஐக் குறிவைத்தால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸின் (அறிவிப்புக் காட்டியபடி தொடர்ந்து ஓடும் பகுதி) வகையையும் சொல்ல வேண்டும். சில கம்பெனிப் போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓடுகிற செயலியைத் தானாகவே நிறுத்திவிடும். ஆகவே மேசையில் வைத்துச் சோதிப்பது போதாது. திரையை அணைத்து, பாலித்தீன் பையில் சுற்றி, ஆறு ஏழு மணி நேரம் படகில் வைத்துப் பாருங்கள். மணி அடிக்கும் என்று நம்பியிருப்பவருக்கு அது அடிக்காமல் போவதைவிட, மணியே இல்லாத செயலி மேல்.

இங்கேதான் ஊர்க்காரராக இருப்பது உங்களுக்குக் கைகொடுக்கும். நம் ஆட்கள் ஜிபிஎஸ் கருவியைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற கணக்கில் வைத்திருப்பார்கள். 9 பாகை 16.5 நிமிடம் என்பது தசமப் பாகையில் 9.275. செயலி அதை 9.165 என்று படித்துவிட்டால் வித்தியாசம் 0.11 பாகை, அதாவது சுமார் 12 கிலோமீட்டர். வடகடலில் (பாக் விரிகுடா) 12 கிலோமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேதிக் குழப்பமும் வரும். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6இல் அப்படித் திரும்பியபோது, பழைய கருவிகள் சில 1999க்குப் போய்விட்டன. உங்கள் ஆசிரியர் 2018லேயே நிறுத்தியவர், இதைப் பார்த்தே இருக்க மாட்டார். அந்தக் கருவியிலிருந்து வந்த கோப்பில் நேற்று போட்ட பாயிண்ட் இருபது வருடப் பழையதாகக் காட்டி, பட்டியலில் அடியில் போய் நிற்கும். பாயிண்ட் காணாமல் போய்விட்டது என்று புகார் வரும். தேதியோடு 1024 வாரம் கூட்டினால் சரி.

எல்லைக்கோட்டுத் தரவை மட்டும் ஒரு எழுத்து விடாமல் சரிபாருங்கள். வடகடலுக்கு 1974 ஒப்பந்தம், தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) 1976 ஒப்பந்தம். இரண்டிலும் கோடு அட்ச, தீர்க்கப் புள்ளிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் எங்கிருந்தோ எடுத்த கோப்பை நம்பாமல் ஒப்பந்த வாசகத்தோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவைக்கு முந்தையவை அந்த ஒப்பந்தங்கள். அதனால் மணியைக் கோட்டின் மேல் வைக்காமல் நல்ல இடைவெளி விட்டு முன்னாலேயே அடிக்க வையுங்கள். "எந்த உத்தரவாதமும் இல்லை" என்று உரிமத்தில் இருப்பது உங்களைச் சட்டத்தில் காப்பாற்றலாம். பிடிபட்டுப் போனவர் வீட்டு வாசலில் அதை வாசித்துக் காட்ட முடியாது.

வெளியிடும் நேரத்தையும் கடல் நாட்காட்டிப்படி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், போனைக் கொடுத்து நோண்டிப் பார்க்கச் சொல்லலாம். நாட்டுப்படகுகள் போய்க்கொண்டிருக்கும், கடல் சோதனையும் நடக்கும். சோதனைப் பதிப்பை மே தொடக்கத்தில் கொடுங்கள். ஜூன் 14ஐ ஒட்டி எதையும் மாற்றாதீர்கள். அன்று இரவு எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும்போது யார் போனிலும் புதுப் பதிப்பு ஏறக் கூடாது.

ப்ளே ஸ்டோரில் புதுக் கணக்கு திறக்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கலாம். சென்னையில் இருக்கும் நிரலாளர்களுக்கு இது தலைவலி. உங்களுக்கு ஏலக்கூடத்தில் ஒரு காலை போதும். ஓப்பன் சோர்ஸ் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு என்ற கடையிலும் சேருங்கள். அங்கே பொது நிரலிலிருந்து அவர்களே கட்டுவதால், எக்ஸ்இசட்டில் நடந்ததுபோல வெளியீட்டுக் கோப்பில் மட்டும் எதையாவது ஒளித்து வைப்பது கடினம். கூகுள் மேப்ஸ் போன்ற மூடிய நூலகம் உள்ளே இருந்தால் மட்டும் ஏற்க மாட்டார்கள்.

பயனர்கள் யாரும் கிட்ஹப்பில் இஷ்யூ எழுதப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் வரும். அதைக் கேட்டு நீங்கள் இஷ்யூவாக எழுதுங்கள், ஆள் பெயரும் பாயிண்ட்டும் இல்லாமல். பெரிய மாற்றம் என்றால் பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் மீனவர் சமுதாய வானொலி கடல் ஓசை 90.4இல் ஒரு அறிவிப்புச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியும் மணி அடிக்க வை, மீன் விலை காட்டு, காற்று சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடம் எல்லாவற்றுக்கும் "இப்போது இல்லை" என்றே சொல்லுங்கள்.

இத்தனையும் படித்து மலைப்பாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஓஎஸ்மாண்ட் என்ற செயலி உயிரோடு இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், ஜிபிஎக்ஸ் படிக்கும், கடல் வரைபடத்துக்குத் தனிச் செருகியும் உண்டு. எல்லைக்கோட்டை ஒரு தடமாக அதில் ஏற்றிவிடலாம். தமிழ்க்குரல் எச்சரிக்கை மட்டும்தான் உங்களுக்குத் தேவை என்றால், அதற்கென ஒரு சின்னச் செயலியைப் புதிதாக எழுதுவது பழையதை மீட்பதைவிடக் குறைந்த வேலையாக இருக்கலாம். நானாக இருந்தால் இதை முதல் வாரமே யோசித்து முடிவு செய்துவிடுவேன்.

எடுப்பது என்று முடிவு செய்தால், முதல் வெளியீட்டுக்கு முன்பே இன்னொருவரைச் சேருங்கள். சாவியும் கடவுச்சொல்லும் இரண்டு பேரிடம், இரண்டு ஊரில் இருக்கட்டும். தென்கடல் பக்கம் மூக்கையூரில் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது, தென்கடலும் வடகடலும் இரண்டும் சோதிக்கப்படும். உங்களுக்கு நாளைக்கு வெளியூரில் வேலை கிடைத்து விட வேண்டி வந்தால், ரீட்மீயின் மேலே அதைத் தேதியோடு எழுதிவிட்டு ரெப்போவை ஆர்க்கைவ் செய்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.

இப்போதைக்கு அந்த ரெப்போவில் லைசென்ஸ் கோப்பில் என்ன இருக்கிறது, டார்கெட் எஸ்டிகே எண் என்ன என்று இரண்டை மட்டும் பார்த்து எழுதுங்கள். முதல் கடிதத்தில் என்ன கேட்பது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.